கொக்கோப் பெட்டியும் ஒரு மௌன விரதமும்

ஊரிலுள்ள கிணறு, மலக்கூடம், இறைச்சிக்கடை, பாண் சுடும் போறணை எல்லாவற்றையும் மோந்து பார்த்துக் குறை சொல்வதற்கென்றே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவர் முத்துலிங்கம். ஓய்வு பெற்றதும் சம்பளம் குறைந்தது, மோப்பம் குறையவில்லை. தம்மைப் 'பொதுச் சுகாதாரப் பரிசோதகர்' என்று முழுமையாக அழைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 'பி.எச்.ஐ. ஐயா' என்பதற்கு மேல் மூச்சைச் செலவழிக்க மடவளை வீதியில் எவரும் முன்வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் ஒரு துண்டுக் காணி வாங்கி, புசல்லாவையைச் சேர்ந்த தாதி ரத்தினம்மாவைக் கைப்பிடித்து, அங்கேயே வேர்விட்டுவிட்டார். பக்கத்துக் காணி ஸெய்னுலாப்தீன் நானாவுடையது. மனைவியை இழந்த நானாவுக்கு இரண்டு செல்வங்கள். ஒன்று, பல் வைத்தியராகிக் கட்டுகஸ்தோட்டையில் சிகிச்சை நிலையம் நடத்தும் மகள் அனீஸா. மற்றது, கொக்கோக் கொட்டைகளைப் புளிக்க வைக்கும் ஒரு பலாப்பலகைப் பெட்டி.

அந்தப் பெட்டியின் உட்புறம் அட்டக்கரியாய்க் கறுத்திருந்தது. சவர்க்காரம் என்ற பொருளை அது பிறந்தது முதல் கண்டதில்லை. கொக்கோக் காய்களை உடைத்து, வெண்சதை மூடிய கொட்டைகளை வழித்து அதில் கொட்டி, வாழையிலையால் மூடிவிட்டால் அது தானாகவே சூடேறும். முதலில் கள் வாடை வரும். பிறகு வினாகிரி வாடை. கடைசியில், வீதியில் போகிறவர்களும் நின்று மூச்சிழுக்கும்படியான ஒரு வாசம். முத்துலிங்கமும் கொக்கோ வளர்த்தார். அவர் வைத்திருந்தது நீலநிறப் பிளாஸ்டிக் தொட்டி. ஒவ்வொரு முறையும் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக் கழுவிய பின்னரே கொட்டைகளை அதில் போடுவார். அவருடைய கொட்டைகள் வெட்டிப் பார்த்தால் உள்ளே புளிக்காத ஊதா நிறமாகவும், வெளியே பூஞ்சணம் பிடித்தும் இருக்கும். மழைதான் காரணம் என்பார். அந்த மழை வேலிக்கு அப்பால் பெய்வதில்லையா என்று ரத்தினம்மா கேட்டால், தொட்டியை இன்னொரு முறை கழுவப் போய்விடுவார்.

இத்தனைக்கும் அவ்வூர்க் கொக்கோச் செய்கையாளர் சங்கத்தின் தலைவர் அவரே. களைப்பின்றி நீண்ட நேரம் பேசக்கூடியவர் வேறொருவர் கிடைக்காததால் ஏகமனதாகத் தெரிவு செய்திருந்தார்கள். கொழும்பில் சொக்கலேற் செய்யும் ஹபீல் என்பவர், அடுத்த வாரம் புதன்கிழமை வந்து கொட்டைகளைப் பார்ப்பதாகவும், மனத்துக்குப் பிடித்தால் சங்கத்தின் அறுவடை முழுவதையும் தாமே வாங்குவதாகவும் அறிவித்திருந்தார். அச்செய்தி கிடைத்த அன்றே முத்துலிங்கம் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"நானா, குறை நினைக்க வேண்டாம். உந்தப் பெட்டியை எரிச்சுப் போடுங்கோ. வாற மனிசன் உதைக் கண்டால் வந்த வழியே திரும்பிப் போயிடுவான்."

"எரிக்கிறதென்டா எரிக்கலாம்," என்றார் நானா அமைதியாக. "அப்ப கொட்டைய எங்க போடுற? ஒங்கட நீலத் தொட்டியிலயா? அதுல போட்டதக் காகமும் திங்குதில்லையே, ஐயா."

கூட்டம் சிரித்தது. முத்துலிங்கம் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவருடைய மேல்வரிசைப் பொய்ப்பல்லுக்கு அடியில், அண்ணம் தீப்பட்டதுபோல் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அனீஸாவிடம் போனார். பல்லைக் கழற்றும்போது, அறையில் வேறெவரும் இல்லாத போதிலும், கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். அந்தப் பல்லைக் கட்டிய நாள் முதல் அவர் அதை உறக்கத்திலும் கழற்றியதில்லை. பொக்கை வாயுடன் அவரை அன்றுவரை பார்த்தவர்கள் உலகில் இல்லை, ரத்தினம்மாவும் பார்த்ததில்லை. அனீஸா அண்ணத்தில் படிந்திருந்த வெள்ளைப் படலத்தைப் பஞ்சினால் துடைத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் அவரை அழைத்தாள்.

"அங்கிள், இது ஒரு மதுவம். பாண் மாவைப் பொங்க வைக்குதே, அந்தச் சாதி. ஆனா இவர் கொஞ்சம் சண்டியர். கண்டிடா குரூசி எண்டு பேர். இப்ப இன்னொரு பேரும் வச்சிருக்கிறாங்க, அது வாயில நுழையாது."

"பேர் நுழையாட்டிலும் ஆள் நுழைஞ்சிட்டான் போல கிடக்கு," என்றார் முத்துலிங்கம் எரிச்சலுடன்.

"ஓம், நல்லா நுழைஞ்சிட்டார். வழக்கமாக் குடுக்கிற குளிசைக்கு இவர் அசைய மாட்டார். வேற கொப்பளிக்கிற மருந்து தாறன். முக்கியமான மருந்து என்னண்டா, ஒரு கிழமைக்குப் பல்லைக் கழற்றி வைக்கோணும்."

"என்ன? சங்கத்தின்ர தலைவர் பல்லில்லாமல் நிண்டு வரவேற்புரை சொல்லுறதோ?"

"சுகமாக வேணுமெண்டா அப்பிடித்தான். இன்னொரு பகிடி தெரியுமா, அங்கிள்? பேராதனையில என்னோட படிச்ச பிள்ளை ஒருத்தி வாப்பாட பெட்டியில வடியிற சாற எடுத்துப் பார்த்தவள். அதுக்குள்ளயும் இவர்தான் நிறைய இருக்கிறாராம். கொட்டையில உள்ள இனிப்பச் சாராயமாக்கிச் சூடேத்துறதே இவர்தான். புளிச்ச மாவுலயும் இருக்கிறார். வெளிநாட்டுல வைக்கோல்ல இருந்து எரிசாராயம் எடுக்கிறதுக்கும் இவரைப் பிடிச்சு வேலை வாங்கிப் பார்க்கிறாங்க. ஒருத்தர்தான், பெட்டிக்குள்ள கூலிக்காரன், வாய்க்குள்ள கள்ளன்."

முத்துலிங்கத்தின் காது, 'அதுக்குள்ளயும் இவர்தான்' என்ற இடத்துடன் கடையைச் சாத்திவிட்டது. மீதிச் சொற்கள் வாசலில் நின்று தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. தமது வாயைக் கெடுத்த கிருமி எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பது அவருக்குப் பட்டப்பகல்போல் வெளிச்சமாகிவிட்டது. காற்று எப்போதும் அந்தப் பக்கமிருந்தே வீசுகிறது அல்லவா? முப்பது வருடச் சேவையில் எத்தனை கிணறுகளுக்குச் சீல் வைத்தவர். சான்று ஒன்று கையில் கிடைத்தால் போதும். புதன்கிழமைக்கு முன்னர் அந்தப் பெட்டி அடுப்புக்குள் போய்விடும்.

வெள்ளிக்கிழமை நண்பகல் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். அனீஸா சிகிச்சை நிலையத்தில் இருந்தாள். முத்துலிங்கம் தமது பழைய உத்தியோகப் பையிலிருந்து மூடி போட்ட ஒரு சிறு போத்தலையும், பஞ்சு சுற்றிய குச்சியையும் எடுத்துக்கொண்டு, வேலியிலிருந்த இடைவெளியால் அப்பால் நுழைந்தார். தாம் செய்வது களவல்ல, கடமை என்று தமக்குத் தாமே ஒருமுறை சொல்லிக்கொண்டார். கடமைக்குப் போகிறவர் ஏன் குனிந்து போக வேண்டும் என்று கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

பெட்டியின் மேல் மூடியிருந்த வாழையிலையைத் தூக்கினார். உள்ளேயிருந்து கிளம்பிய ஆவி, கள்ளுத் தவறணைக் கதவைத் திறந்தாற்போல் முகத்தில் அடித்தது. குனிந்து மோந்தார். மூக்கின் நுனியில் ஏதோ ஊர்ந்தது. ஒரு பழ ஈ. தும்மல் வந்தது. அது சாதாரணமான தும்மல் அன்று; மாவலி ஆற்றின் அக்கரையிலும் கேட்டிருக்கும்.

மேல்வரிசைப் பல் முழுமையாக வாயைவிட்டுப் புறப்பட்டு, வெயிலில் ஒருமுறை மின்னி, கொட்டைகளின் நடுவே விழுந்து, வழுவழுவென்று உள்ளே இறங்கி மறைந்தது.

முத்துலிங்கம் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். உள்ளே நல்ல சூடு. ஒவ்வொரு கொட்டையும் பல்லாகவே கைக்குத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் கொட்டையாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து, பள்ளிவாசல் பக்கமிருந்து மோட்டார்சைக்கிள்கள் உறுமத் தொடங்கின. தொழுகை முடிந்துவிட்டது. இலையை இழுத்து மூடினார். வேலியை நோக்கிப் பாய்ந்தார். போத்தலும் பஞ்சுக் குச்சியும் பெட்டியின் காலடியில் கிடந்ததை வீட்டுக்கு வந்த பின்னரே நினைத்துக்கொண்டார்.

துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவரின் காதில் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு விழுந்தது. ரத்தினம்மா முருகன் படத்துக்குப் பூச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கையெல்லாம் என்ன பிசுபிசுன்னு இருக்கு? இன்னைக்குக் கந்தசஷ்டி ஆரம்பம். குளிச்சிட்டு வாங்க."

வேலாயுதக் கடவுள் தம் அடியவரைக் கைவிடவில்லை. முத்துலிங்கம் படத்தைச் சுட்டினார். தம் நெஞ்சைத் தொட்டார். உதட்டின் மேல் விரலை வைத்தார். பின் கண்களை மூடிக்கொண்டார்.

"விரதமா? நீங்களா?" ரத்தினம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில ஆறு ஆப்பம் சாப்பிட்டீங்களே."

அவர் கடிகாரத்தைச் சுட்டி, இந்த நேரம் முதல் என்று சைகை காட்டினார்.

"பேசவும் மாட்டீங்களா? ஆறு நாளும்?"

தலையசைத்தார்.

ரத்தினம்மா முருகன் படத்தின் முன் கற்பூரத்தைக் கொளுத்திக் கும்பிட்டாள். அவளுடைய நன்றியில் கலப்படம் இருக்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் நிலவிய அமைதியை அயலவர்கள் வந்து பார்த்துப் போனார்கள். முத்துலிங்கம் பகல் முழுவதும் துவாய் போர்த்திய முனிவராய்க் கதிரையில் இருந்தார். மாலையில் பாலும் வாழைப்பழமும் உண்டார்; விரதத் தீர்த்தம் என்று ரத்தினம்மா நீட்டிய கசப்பு நீரைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ரத்தினம்மா வானொலியைச் சத்தமாக வைத்து ஒரு நாடகம் விடாமல் கேட்டாள். சனிக்கிழமை, காரணமே இல்லாமல் முறுக்குச் சுட்டாள்.

"விரதம் முடிஞ்சதும் கடிக்கலாம். நல்லா இறுகின முறுக்கா சுட்டிருக்கேன், ஒங்களுக்குப் பிடிக்குமேன்னு," என்று சொல்லித் தட்டை அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோய், திருப்பி எடுத்துச் சென்றாள்.

முத்துலிங்கத்தின் மனமோ முறுக்கில் இல்லை, பெட்டிக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானா கொட்டைகளைக் கிளறிப் புரட்டும் நாள். பூரணமாகப் புளிக்க வேண்டுமானால் அடியிலுள்ளதை மேலும், மேலுள்ளதை அடியிலுமாக மாற்ற வேண்டும். அவர் விடிந்ததும் போய் நின்றார். அள்ளிப் புரட்டும் மரச் சவளைக் கையில் வாங்கிக்கொண்டு, தாமே புரட்டுவதாகச் சைகை காட்டினார்.

நானா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பார்த்தார். "அல்லாஹ்வே, எரிக்கச் சொன்ன ஆள் கிண்ட வந்தீக்கி. ஐயா, ஒரு வார்த்த செல்லுங்களே, என்னத்துக்கு இந்தத் திடீர்ப் பாசம்?"

முத்துலிங்கம் வானத்தைக் காட்டினார்.

"ஓ, விரதம். செரி, செரி. கிண்டுங்க. நல்லா அடி வரைக்கும் கிண்டுங்க. எதையும் விட்டுறாதீங்க."

அவர் அடி வரை கிண்டினார். சவளை வைத்துவிட்டுக் கைகளால் அளைந்தார். நானா வேலியில் சாய்ந்து நின்று, "அந்த மூலை, ஐயா, அந்த மூலையப் பாக்க மறந்திட்டீங்க," என்று ஊக்கமளித்துக்கொண்டே இருந்தார். பல் அகப்படவில்லை. போத்தலும் குச்சியும் பெட்டியின் காலடியில் இல்லை. பூனை உருட்டிச் சென்றிருக்கும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

திங்களும் செவ்வாயும் அவருடைய நெஞ்சில் வேறொரு பாரம் ஏறியது. முன்பொரு காலத்தில், கறிச் சட்டியில் கரப்பானின் ஒற்றைக் கால் கிடந்ததற்காக ஒரு சாப்பாட்டுக் கடையின் கறி முழுவதையும் சாக்கடைக் கானுக்குள் ஊற்றுவித்தவர் அவர். அந்தக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டும் இரங்கவில்லை. ஒரு கரப்பான் காலுக்கு அந்தத் தண்டனை என்றால், நோய் பிடித்த வாயிலிருந்து விழுந்த ஒரு வரிசைப் பல்லுக்கு என்ன தண்டனை? அந்தக் கொட்டைகள் வறுபட்டு, அரைபட்டு, வெள்ளித்தாளில் சுற்றப்பட்டு, யாரோ ஒரு குழந்தையின் கைக்குப் போகும். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால், முப்பது வருடமாக ஊராருக்கு ஓதிய அத்தனையும் வெறும் சத்தமாகிப் போகும். செவ்வாய் மாலை உரித்த வாழைப்பழத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை ஹபீல் வந்தார். துடிப்பான இளைஞர், காலணியைக் கழற்றிவிட்டே முற்றத்தில் கால் வைத்தார். சங்கத்தார் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அனீஸாவும் வேலைக்குப் போகாமல் நின்றாள். ரத்தினம்மா தேநீர்த் தட்டுடன் வந்து சேர்ந்தாள். முத்துலிங்கம் துவாயைக் கழுத்தில் சுற்றி, வாயை இறுக மூடி, முன்வரிசையில் நின்றார்.

நானா இலையை நீக்கினார். முற்றம் முழுவதும் வாசம் பரவியது. ஹபீல் கறுத்த பெட்டியைக் கண்டு முகம் சுளிக்கவில்லை; அதன் பலகையைக் கையால் தடவிப் பார்த்துப் புன்னகை செய்தார். ஒரு கைப்பிடிக் கொட்டையை எடுத்துச் சிறு கத்தியால் நெடுக்காக வெட்டினார். உள்ளே கபில நிறம், நல்ல மடிப்புடன்.

"இதத்தான் தேடிட்டு வந்தன்," என்றார். "இந்தப் பெட்டியில உள்ளது முழுக்க எனக்கு. இன்டைக்கே ஏத்தலாமா?"

சாக்கு விரிக்கப்பட்டது. நானா முதற் சவளை அள்ளினார்.

"நிப்பாட்டுங்கோ!"

எல்லோரும் திரும்பினார்கள். குரல் முத்துலிங்கத்துடையதுதான்; ஆனால் ஓட்டைக் குழலால் ஊதியது போலிருந்தது. துவாயைக் கழற்றிவிட்டார். உதடுகள் உள்ளே மடிந்து, முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. சொற்களில் ப, ம மாத்திரம் ஒழுங்காக வந்தன. த, ந, வ மூன்றும் பல்லைத் தேடி அலைந்து காற்றாய்ப் போயின.

"இதை விக்கக் கூடாது," என்றார். "என்ர பொய்ப்பல் இதுக்குள்ள விழுந்து கிடக்கு. வெள்ளிக்கிழமை நானா பள்ளிக்குப் போன நேரம், களவாய் வந்து மோந்து பார்க்கேக்க விழுந்தது. என்ர வாயில வருத்தமும் இருக்கு. சட்டப்படி முழுதையும் கொட்ட வேணும். நட்டத்தை நான் தாறன். நானாவில ஒரு பிழையும் இல்லை."

காகம் ஒன்று கரைந்தது. நானா சவளைச் சாய்த்து வைத்தார்.

"மகள், நான் என்ன சென்ன? புதன்கிழமைக்கு முந்தி ஐயா செல்லுவாரென்டு சென்னேனா இல்லையா?"

"புதன்கிழமையே ஆகிட்டுது, வாப்பா. பந்தயம் எனக்குத்தான்."

"ஏத்த முந்தி சென்னாரே, அது போதும்."

முத்துலிங்கம் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். ரத்தினம்மா தேநீர்த் தட்டை வேண்டுமென்றே உயர்த்தி அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தட்டு குலுங்கியது.

"வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சிட்டன், ஐயா," என்றார் நானா. "பள்ளியால வந்தா, பெட்டிக்குக் கீழ ஒங்கட போத்தல். இல கோணலா ஈக்கி. தூக்கிப் பார்த்தா, மேலுக்குச் சிரிச்சிட்டு ஈக்கிது ஒங்கட பல்லு. நீங்க கைய விட்டுக் கலக்கினதுல மேலுக்கு வந்தீக்கி போல."

"அப்ப இந்தக் கொட்டை?"

"இது சனிக்கிழம ஒடச்ச காய். அந்தக் கொட்டையெல்லாம் அன்டைக்கே கொட்டிட்டன். அங்க பாருங்க."

பலாமரத்தடியில், ஒரு பெட்டி நிறைந்த கொக்கோக் கொட்டைகள் குவியலாய்க் கிடந்து கறுத்துக்கொண்டிருந்தன. யாரும் சட்டம் காட்டி மிரட்டவில்லை. யாரும் வந்து கொட்டுவிக்கவில்லை. முத்துலிங்கம் அந்தக் குவியலை நீண்ட நேரம் பார்த்தார். ஊரின் முன்னால் தாம் எரிக்கச் சொன்ன பெட்டியின் சொந்தக்காரர், ஊருக்குத் தெரியாமல் ஓர் அறுவடையைக் கொட்டியிருக்கிறார். அதைப் பற்றி வாய் திறக்காமல் ஆறு நாளாக வெற்றிலையை மட்டும் மென்றிருக்கிறார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிண்ட விட்டது?"

"நீங்கதான் ஆசப்பட்டு வந்தீங்க. கூலியில்லாம ஆள் கெடைக்கிறது லேசா?"

"பல்லை அண்டைக்கே தந்திருக்கலாமே, நானா."

"தரத்தான் போனன். மகள் விட இல்ல."

அனீஸா கைவிளக்குடன் முன்னால் வந்தாள். "அங்கிள், வாயைத் திறவுங்க. ஆ... இன்னும் கொஞ்சம். ஆன்ட்டி, வந்து பாருங்களேன், எவ்வளவு வடிவா ஆறியிருக்கெண்டு."

ரத்தினம்மா எட்டிப் பார்த்தாள். "பொக்கை வாயும் நல்லாத்தான் இருக்கு. இதுக்கா இத்தனை வருசம் ஒளிச்சு வச்சீங்க?"

"ஒரு கிழமை பல்லைக் கழற்றி வையுங்க எண்டன், மாட்டனெண்டீங்க," என்றாள் அனீஸா. "ஆன்ட்டியும் நானும் கதைச்சம். முருகன் உதவி செஞ்சிட்டார். கொப்பளிக்கிற மருந்தை ஆன்ட்டி பால்ல கலக்காம, விரதத் தீர்த்தமெண்டு தனியாத் தந்தவ. நினைவிருக்கா?"

தீர்த்தம் ஏன் அவ்வளவு கசந்தது என்பது முத்துலிங்கத்துக்கு இப்போது விளங்கியது. வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்க வேண்டும் என்று ரத்தினம்மா எந்தச் சாத்திரத்தில் படித்தாள் என்று அவர் அப்போதே வியந்திருந்தார்.

"ஆனால் பிள்ளை," என்று தயங்கினார். "அந்தக் கிருமி இந்தப் பெட்டியில இருந்துதானே எனக்கு..."

"அண்டைக்குப் பாதியிலயே காதைப் பூட்டிட்டீங்க. பெட்டிக்குள்ள அவர் முதல் ரெண்டு நாள்தான் ராசா. அவர் ஏத்தின சூட்டுலயும், அவர் செஞ்ச சாராயம் புளிச்சு வாற வினாகிரியிலயும் அவரே அடங்கிப் போவார். போகேக்க கொட்டையை நல்லதாக்கிட்டுப் போவார். பலகை வெடிப்புல ஒளிஞ்சு நிக்கிறவர் அடுத்த தரம் வேலைக்கு வருவார். அதாலதான் வாப்பா பெட்டிக்குச் சவுக்காரம் போடுறதில்ல, தண்ணியால கழுவி வெயில்ல வைக்கிறதோட சரி. உங்கட தொட்டியில அவரை வேலைக்கு முந்தியே கொன்டுடுறீங்க. அவர் எங்கயும் இருக்கிறவர், அங்கிள். உங்கட வாயிலதான் ராவும் பகலும் பல்லால மூடி, ஈரமாக்கி, அவருக்கு இலவசமா வீடு குடுத்தீங்க. ரெண்டையும் வச்சுப் பார்த்தா, பெட்டிதான் சுத்தம்."

சங்கத்தார் இம்முறை சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்கள். ஹபீல் மாத்திரம் தயக்கமின்றிச் சிரித்தார். சங்கத்தின் கொட்டைகள் அனைத்தையும் தாமே வாங்குவதாகவும், ஆனால் எல்லாக் கொட்டைகளும் நானாவின் பெட்டி வழியாகவே வர வேண்டும் என்றும், தலைவரின் மூக்குத் தினமும் அதை மோந்து பார்த்தால் தமக்கு நிம்மதி என்றும் சொன்னார்.

"மூக்கு மட்டும் போதும்," என்று ரத்தினம்மா திருத்தினாள்.

அனீஸா ஒரு கண்ணாடிக் குவளையை நீட்டினாள். தெளிந்த மருந்து நீரில், தேய்த்துத் துலக்கப்பட்ட மேல்வரிசைப் பல் பளபளத்தது. முத்துலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அதை மாட்டிக்கொண்டார். முகம் பழைய நீளத்துக்கு வந்தது. துவாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார். ஆறு நாள் அடைபட்டிருந்த குரல் வெளிவருவதைக் கேட்க எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் நேரே நானாவிடம் போய், அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

"நானா, உங்களுக்கு முதல்ல ஒரு விசயம் சொல்ல வேணும். பெட்டியை எரிக்கச் சொன்னது என்ர பிழை. எரிக்கவும் வேண்டாம், சவுக்காரம் போடவும் வேண்டாம்."

நானாவின் கண் சற்றுக் கலங்கியது.

"ஆனால்," என்று தொடர்ந்தார் முத்துலிங்கம், "உந்தப் பெட்டியில இருக்கிற ஆணியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. வாழையிலையை நிலத்தில போட்டுட்டு அப்பிடியே எடுத்து மூடுறீங்கள், நான் ஞாயிற்றுக்கிழமையே கண்டனான், சொல்லேலாமல் இருந்தது. சவளைச் சாணிப் பக்கம் சாத்தி வைக்கிறீங்கள். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குக் கிட்ட நிக்கிறது எந்தச் சுகாதார விதியில..."

நானா மகளின் பக்கம் திரும்பினார்.

"மகள், அந்தப் பல்லத் திருப்பி வாங்கு. இன்னொரு கெழமைக்குப் பெட்டிக்குள்ளயே கெடக்கட்டும்."